கட்டப்பட்டிருந்த சுவிட்ச்

பம்மலில் காலணிக்கான மேல்தோல் தைத்து ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில், எண்பத்தேழாம் வருடம் அருள்மேரி டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். விரல் ஓடும். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்தவளாதலால், தான் அடிக்கிற ஆங்கிலம் என்ன சொல்கிறது என்பது பாதிதான் புரியும். மானேஜர் ராஜாராமன் திட்டுகிற ஆள் இல்லை. தப்பு இருந்தால் தாளை நான்காகக் கிழித்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்டர்காம் அடித்தாலே பாதி வரியில் பயந்து எழுந்து நின்றுவிடுவாள்.

அந்தப் பயத்தில்தான் தபால் வழி ஆங்கிலப் பயிற்சியில் சேர்ந்தாள். மாதம் ஒரு பாடம் வரும். பீர்க்கன்கரணையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து பல்லாவரம் வரை மின்சார ரயில். அந்த ரயிலில்தான் படிப்பு. செய்வினை, செயப்பாட்டுவினை, 'இஃப்' வாக்கியங்கள். 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே என்பது மட்டும் எத்தனை முறை எழுதி அனுப்பினாலும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. மற்றதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு பயம் கூடியது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு அடித்த கடிதங்களில் என்னென்ன பொய் இருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

தொண்ணூற்றொன்று ஆகஸ்ட்டில் கட்டிங் ஷெட்டில் மெஷின் ஓட்டிய கங்கம்மாவின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

தோல் வெட்டும் அந்த மெஷினில் இரண்டு சுவிட்ச் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வெட்டும் பலகை இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மூன்று வாரத்துக்கு முன்பு, காலைக் கணக்கு வாங்க ஷெட்டுக்குப் போன அருள்மேரி, சூப்பர்வைசர் சிட்டிபாபு இடது சுவிட்சை, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி, தோல் வாரால் இறுக்கிக் கட்டுவதைப் பார்த்திருந்தாள்.

"ரெண்டு கையாலயும் அமுக்கிகினு இருந்தா ஆர்டர் எப்பம்மா போறது?" என்று அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

விபத்து நடந்த மூன்றாம் நாள், ஜெர்மன் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை ராஜாராமன் ஆங்கிலத்தில் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது இது: கங்கம்மா எட்டு மணிக்கு மெஷினுக்கு வந்தாள். இடது சுவிட்ச் கட்டப்பட்டது. அப்போது அங்கே வேறு யாரும் இல்லை.

அருள்மேரி அதை இரண்டு முறை படித்தாள். கட்டியவர் பேர் இல்லை. யார் மேலும் பழி இல்லை. ஆனால் வரிசையாகப் படித்தால், வந்தாள், கட்டினாள், வெட்டுப்பட்டாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். இதே தாளைக் காட்டித்தான் கங்கம்மாவை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள் என்று ஆபீஸில் பேச்சு இருந்தது.

மூன்று கார்பன் வைத்துத் தாளை உருட்டினாள். 'தி லெஃப்ட் சுவிட்ச்' வரை விரல் ஓடியது. அடுத்த வார்த்தை 'வாஸ்'. விரல் நின்றது. கணவன் ஏசுபாதத்துக்கு ஒன்றரை மாதமாக வேலையில்லை என்பது நினைவுக்கு வந்தது. அடிக்குமுன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு 'ஹேட் பீன் டைடு' என்று அடித்தாள். கட்டப்பட்டது இல்லை, கட்டப்பட்டிருந்தது. கங்கம்மா வருவதற்கு முன்பே.

ராஜாராமன் படித்தார். பேனா அந்த வரியில் நின்றது.

"ஹேட் பீன் எதுக்கும்மா?"

"கிராமர் சார்." தன் குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. "ரெண்டு பாஸ்ட் டென்ஸ் சேர்ந்து வந்தா, ஒண்ணுக்கு ஹேட் போடணும்னு..."

எந்த ஒன்றுக்கு என்று அவர் கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். ஒரு டைப்பிஸ்ட் தனக்கு இலக்கணம் சொல்வதை அவர் விரும்பவில்லை. "தெரியும், தெரியும்" என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

அடுத்த பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்டர்காம் அடிக்கும்போதெல்லாம், கண்டுபிடித்துவிட்டார் என்றே எழுந்து போனாள். ஒரு நாள் சிட்டிபாபு டைப் ரூம் வாசலில் வந்து நின்றான். கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா மேரி, அந்தப் பேப்பர்ல நம்ம பேரு எங்கனா கீதா?"

"இல்லண்ணா."

"நெஜமா?"

"கட்டினது யாருன்னு பேரே இல்லண்ணா."

அது உண்மைதான். செயப்பாட்டுவினை அவனை நன்றாகவே மறைத்திருந்தது. அவன் போன பிறகும் வெகுநேரம் அவளால் ஒரு வரிகூட நேராக அடிக்க முடியவில்லை.

ஜெர்மன் கம்பெனி சார்பில் ஒரு பெண்மணி வந்தாள். நரைத்த முடி, கையில் பென்சில். ராஜாராமன் அறைக்குள் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. பிறகு இன்டர்காம் அடித்தது.

மேஜைமேல் அந்தத் தாள் கிடந்தது. ஒரே ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு. கங்கம்மா வருவதற்கு முன்பே என்றால் எப்போதிலிருந்து, யாரால் என்று அந்தப் பெண்மணி கேட்டிருந்தாள்.

ராஜாராமன் முகம் மலர்ந்தே இருந்தது. "ஜஸ்ட் எ டைப்பிங் மிஸ்டேக் மேடம்" என்றவர், அருள்மேரியிடம் திரும்பி, தமிழில், தணிந்த குரலில், "மிஸ்டேக்னு சொல்லிட்டுப் போம்மா. அவ்ளோதான்" என்றார்.

ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் சம்பளம் உண்டு, நாற்காலி உண்டு, சாயங்கால ரயில் உண்டு. அருள்மேரி வாயைத் திறந்தாள்.  மேஜைமேல் கிடந்த தாளில் அந்தப் பென்சில் கோட்டையே பார்த்தாள்.

"நோ மிஸ்டேக், மேடம்" என்றாள். "சின்ஸ் த்ரீ வீக்ஸ்."

சொன்ன கணமே தப்பு என்று தெரிந்தது. 'ஃபார்' வரவேண்டிய இடம். முகம் சுட்டது. அந்தப் பெண்மணி திருத்தவில்லை. த்ரீ வீக்ஸ் என்று குறித்துக்கொண்டாள். யாரால் என்ற கேள்வியும் மறுபடி வந்தது. அருள்மேரி தலையைக் குனிந்துகொண்டாள். அதைச் சொல்லுமளவுக்கு அவளிடம் தெம்பு இல்லை.

ஆனால் அந்தப் பெண்மணி பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு நேரே கட்டிங் ஷெட்டுக்கு நடந்துவிட்டாள். கங்கம்மாவின் மெஷினில் வாரை அவிழ்த்திருந்தார்கள். பக்கத்து இரண்டு மெஷினில் அவிழ்க்க மறந்திருந்தார்கள்.

கங்கம்மாவை நீக்கும் பேச்சு அதோடு நின்றது. கை ஆறியதும் பசை ஒட்டும் பிரிவில் உட்கார வைத்தார்கள். சிட்டிபாபுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு ஷெட்டுக்கு மாற்றினார்கள். ராஜாராமன் அருள்மேரியை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தாள் கிழிப்பதையும் நிறுத்திவிட்டார். கடிதங்கள் ஒவ்வொன்றாக வேறு கைக்குப் போயின. டைப்ரைட்டருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஐந்து மாதம்தான் அவள் வாழ்நாளில் மிகவும் பயந்த காலம். பொங்கல் கழிந்து, வேலை குறைந்துவிட்டது என்று அனுப்பிவைத்தபோது, பயத்தோடு பயமாகக் கொஞ்சம் மூச்சும் விட்டாள். கோடை விடுமுறைக்குப் பிறகு சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இடம் கிடைத்தது.

கம்பெனியிலிருந்து கிளம்பிய கடைசி நாள், பம்மல் பஸ் ஸ்டாப்பில் கங்கம்மா நின்றிருந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"நீ என்னமோ எழுதிட்டேன்னு சொல்றாங்களே, இன்னா எழுதினே?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே கட்டியிருந்துச்சுன்னு எழுதினேன்கா."

கங்கம்மா காத்திருந்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே. அதுக்கா வேலைய வுட்டுத் தூக்கினாங்க?" அவள் அருள்மேரியின் முகத்தைப் பார்த்தாள். "பயமா இல்லியா ஒனக்கு?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

கங்கம்மா முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து அருள்மேரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லாவரம் பஸ் வந்துகினு கீது. கூட்டமா இருக்கும். முன்னாடி ஏறு" என்றாள்.