கோலியனூரில் படித்த நாடகம்

எண்பதுகளின் நடுவில் நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பாடத்தில் ஓர் அமெரிக்க நாடகம் இருந்தது. எந்தக் காலத்திலோ ஓர் ஊரில் சில இளம் பெண்கள் காட்டுக்குள் போய்த் திருட்டுத்தனமாக ஆட்டம் போடுகிறார்கள். மாட்டிக்கொண்டதும், தப்பித்தால் போதும் என்று, சூனியக்காரிகள் எங்களைப் பிடித்துவிட்டார்கள் என்று அலறுகிறார்கள். ஒருத்தி அலற, பக்கத்தில் இருப்பவளும் அலற, ஊரே அதை நம்பிவிடுகிறது. நீதிமன்றம் கூட்டி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிக்கிறார்கள். ஆமாம், நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு இன்னும் நாலு பேரைக் காட்டிக்கொடுத்தால் உயிர் மிஞ்சும். இல்லை என்றால் தூக்கு. நல்லவர்கள்தான் இல்லை என்று சொல்லிச் சாகிறார்கள்.

எங்கள் விரிவுரையாளர் தங்கமான மனிதர். ஆனால் நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியாது. கூட்ட வெறி என்று ஒரு தலைப்பு, அதிகாரத்தின் கண்மூடித்தனம் என்று ஒரு தலைப்பு. கை வலிக்க எழுதுவோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் எழுந்து, அந்த ஊரில் ஒரு பூசாரிகூடக் கிடையாதா சார் என்று கேட்டுவிட்டேன்.

கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்து எழுந்து ஏதாவது உளறினால், காத்து கறுப்பு பட்டிருக்கிறது என்று பூசாரியைக் கூட்டி வருவார்கள். அவர் உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, நீ யாரு, பேரைச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கிணற்றில் விழுந்தவள், அரளி விதை தின்றவன் என்று அகாலமாகப் போன யாராவது ஒருவர் பேர் எல்லா ஊரிலும் கைவசம் இருக்கும். அடி தாங்காமல் அந்தப் பேரைச் சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது. உச்சி முடியைக் கொஞ்சம் கத்தரித்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். செத்தவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த அமெரிக்க நீதிபதிகளும் இதையே செய்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் என் பக்கத்தில் இருந்த என் தோழி. அவள் கோலியனூரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பஸ்ஸில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து என்னோடு பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் கல்லூரிக்கு வருவாள். சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நம்ப ஊர்ல செத்தவங்க பேரைக் கேக்குறாங்கடி. அங்க உயிரோட இருக்கிறவங்க பேரைக் கேக்குறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்.”

மொத்த நோட்ஸையும் அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் படிக்கும் விதமே அப்படி. நான் மதிப்பெண்ணுக்குப் படித்தேன். அவள் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோலப் படித்தாள். ரயிலில் பெண்கள் பெட்டியில் அந்த நாடகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள். மயிலத்தில் வேர்க்கடலைக் கூடையோடு ஏறும் மல்லாட்டைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, யாவாரத்தையும் மறந்து உட்கார்ந்து கேட்பார். நேற்று விட்ட இடத்தை அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

எல்லாருக்கும் அந்த நாடகத்தின் கதாநாயகனைப் பிடிக்கும். பொய்க்குக் கையெழுத்துப் போட்டு உயிர் பிழைக்க மறுத்துத் தூக்குமேடைக்குப் போகிறவன். என் தோழிக்கு அவன் பெரிதில்லை. அதில் ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். அலறும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஒரு கட்டத்தில் அவளுக்கு மனசு பொறுக்காமல் நீதிமன்றத்துக்கு வந்து, பேயும் இல்லை பிசாசும் இல்லை, நாங்கள் நடித்தோம் என்று சொல்கிறாள். உடனே மற்றப் பெண்கள் அவளையே பார்த்து அலற ஆரம்பிக்கிறார்கள். பயந்துபோய் அவள் மறுபடியும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறாள். அந்தப் பெண்ணை நினைத்து என் தோழி நிஜமாகவே வருத்தப்பட்டாள். அவ்வளவு தூரம் வந்தவள் ஏன் திரும்பிப் போனாள் என்று அடிக்கடி கேட்பாள். எனக்கு அது ஒரு பத்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் அவளுடைய அண்ணிக்கு உடம்பு சரியில்லை. அண்ணிக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் கரு உண்டாகி, கலைந்துவிட்டது. உடம்பில் ரத்தமே இல்லை, ஒரு வருஷமாவது போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேரப்பிள்ளை எப்போது என்பதுதான் அங்கே பேச்சு. கடைசியில் அண்ணி, பாப்பா என்று தான் கூப்பிடும் நாத்தனாரிடம் ரகசியமாக வாய்விட்டுக் கேட்டாள், பிள்ளை தள்ளிப்போக ஏதோ மாத்திரை இருக்கிறதாமே என்று.

அந்த மாத்திரையை வாங்க நானும் கூடப் போனேன். திண்டிவனத்தில், எங்கள் முகம் தெரியாத ஒரு மருந்துக் கடையாகப் பார்த்துத்தான் நுழைந்தோம். கடைக்காரர் எங்கள் இரண்டு பேர் கழுத்தையும் பார்த்தார். தாலி இல்லை. நமட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். எனக்குச் சுரீரென்று ஏறியது, வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். என் தோழி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான எங்க அண்ணிக்குங்க என்று நிதானமாகச் சொல்லி வாங்கினாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று என் வயதுப் பெண்களுக்குத் தெரியும்.

மாத்திரை அண்ணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலை சுற்றியது, குமட்டியது. நிறுத்திவிடுங்கள் என்று என் தோழி சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் மோட்டார் கொட்டகைப் பக்கம் துணி துவைத்துக்கொண்டு இருந்தவள், புளியமரத்தடியில் சுருண்டு விழுந்தாள். பக்கத்தில் இருந்தது என் தோழி மட்டும்தான். புளியமரம், உச்சி வேளை, புது மருமகள். இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும். பூசாரி வந்தார்.

தோழி ரயிலுக்கு வராமல் போனதும், என்னவோ ஏதோ என்று ஞாயிற்றுக்கிழமை நான் கோலியனூர் போனேன். நடந்ததை அவள் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். வேப்பிலை அடியில் அண்ணியின் முதுகெல்லாம் தடித்துப்போயிருந்தது. பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு என்று பூசாரி விடவே இல்லை. அண்ணி வெளியூரிலிருந்து வந்தவள். அந்த ஊரில் செத்தவர் யார் பேரும் அவளுக்குத் தெரியாது. உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் தப்பித்திருப்பாள். அவளுக்கு வாயில் வந்த ஒரே பேர், விழும்போது பக்கத்தில் இருந்த நாத்தனார் பேர்.

உடுக்கையே ஒரு கணம் நின்றுவிட்டதாம். பூசாரி அதுவரை உயிரோடு இருக்கும் ஒருத்தி பேரைக் கேட்டதில்லை. ஆனால் ஊருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாத்தனார் கண் பட்டிருக்கும், நாத்தனார் ஏதாவது வைத்திருப்பாள், படித்த திமிர் வேறு. எல்லாரும் உடனே நம்பிவிட்டார்கள். அவளைப் பெற்ற அப்பாவே, காலேஜுக்குப் போனது போதும் என்று சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மூன்று வருஷப் படிப்பு, அந்த வீட்டில் முதல் பட்டம், எல்லாம் அந்த ஒரு பேரோடு போகிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாத்திரை விஷயத்தைப் போட்டு உடைத்துவிடு, நான் சாட்சி சொல்கிறேன் என்று குதித்தேன். அவள் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள்:

“அதைச் சொன்னா நான் தப்பிச்சுக்குவேன். அண்ணிய அவங்க அம்மா ஊட்டுக்கு ஓட்டிடுவாங்க. பேர் சொல்லித் தப்பிக்கிறவங்களத்தானே ரயில்ல உக்காந்து திட்டிக்கினு வந்தோம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி மறுபடி வருவதாக இருந்தது. அன்றைக்கு நான் போகாமல் இருப்பேனா. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலையிலேயே போய் நின்றேன்.

வாசலில் கூட்டம். அண்ணியைத் தலைவிரி கோலமாகப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். பூசாரி கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களோடு கலந்து அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்திருந்தார். என் தோழி கற்பூரத்தின் முன்னால், ஆமாம், என் கண்ணுதான் பட்டது, இனி படாது என்று சொல்லி, அந்தக் கற்பூரத்தை அணைத்துவிட வேண்டியது. அதோடு சரி. திங்கட்கிழமையிலிருந்து காலேஜுக்குப் போகலாம். அப்பாவும் தலையாட்டினார்.

அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லிடும்மா, ஒரு வார்த்தைதானே என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சொல்லித் தொலையேன்டி, பட்டம் வாங்கிக்கொண்டு அப்புறம் நியாயம் பேசலாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். தூக்குமேடைக்காரனை நோட்ஸில் பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதியவள் நான்.

அவள் கற்பூரத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முதுகைப் பார்த்தாள்.

“நான் சொல்ல மாட்டேங்க. நான் ஆமான்னு சொன்னா, அவங்களுக்கு நெசமாவே பேய் பிடிச்சதுன்னு ஆயிடும். நாளைக்குத் தலை சுத்தினாலும் இதே மாதிரி அடிப்பீங்க. நான் படிக்கலன்னாலும் பரவாயில்ல.”

கூட்டம் சலசலத்தது. அப்பா பல்லைக் கடித்தார். பூசாரி அலுப்போடு உடுக்கையை எடுத்து, வேப்பிலைக் கொத்தை ஓங்கினார்.

அப்போது அண்ணி இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், விரிந்து கிடந்த முடியை ஒன்றாகச் சேர்த்து, முறுக்கிக் கொண்டை போட்டாள். சாமி வந்தவளும் சரி, பேய் பிடித்தவளும் சரி, எங்கள் பக்கத்தில் முடியைத் தானாகக் கட்ட மாட்டாள். கட்டினால் அவள் அவளாகத்தான் இருக்கிறாள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் மாமனாரைப் பார்த்து, சாதாரணக் குரலில், சாப்பிட வாங்க என்று கூப்பிடும் குரலில் சொன்னாள்:

“பேயெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. டாக்டரம்மா சொன்னதுக்காக, புள்ள நிக்காம இருக்க நான்தான் மாத்திரை போட்டுக்கினு இருந்தேன். அதான் தலை சுத்திச்சு. அடி தாங்காம பாப்பா பேரைச் சொல்லிட்டேன்.”

எந்த நீதிமன்றத்திலும் நிற்காத பெண் அவள், பள்ளிக்கூடம்கூட முழுசாகப் படிக்கவில்லை. பின்வாங்க அவளுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. மாமியார் வாயில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தபோதும் அவள் அந்தக் கொண்டையை அவிழ்க்கவில்லை. மாத்திரை வாங்கி வந்தது யார் என்று அவர் மாற்றி மாற்றிக் கேட்டார். அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

ஒரேயடியாக எல்லாம் நல்லபடி முடிந்துவிடவில்லை. மாமியார் ரொம்ப நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றுவரை வாயே திறக்காத அவள் புருஷன், மறுநாள் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் அதே டாக்டரம்மாவிடம் காட்டினார். என் தோழி பரீட்சை எழுதினாள். அந்த வேலைக்காரப் பெண்ணைப் பற்றிய கேள்வி வரவே இல்லை. எனக்கு அதில் இன்றுவரை கோபம்தான்.

பரீட்சை முடிந்து ஒருநாள் கோலியனூர் போயிருந்தேன். மூன்று பேரும் களத்தில் உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டு இருந்தோம். அப்படி என்னதான் கதை அது, சொல்லு பாப்பா என்று அண்ணி கேட்டாள். என் தோழி முதலிலிருந்து சொன்னாள். காட்டில் ஆடியது, அலறியது, பேர் பேராகச் சொன்னது எல்லாவற்றையும் அண்ணி கை நிற்காமல் கேட்டுக்கொண்டு இருந்தாள். வேலைக்காரப் பெண் உண்மையைச் சொல்ல வந்து, பயந்துபோய்த் திரும்பி ஓடிய இடம் வந்தது. அண்ணியின் கை நின்றுவிட்டது. செடியைக் கீழே வைத்துவிட்டு, என் தோழியைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏன் பாப்பா, அந்தப் பொண்ணுக்கு நாத்தனார் இல்லியா?”