தம்ளரில் பாதித் தண்ணீர்

வண்டியை எங்கே நிறுத்தினாலும் அப்பா முதலில் ஒரு தம்ளரில் பாதித் தண்ணீர் பிடித்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துக் குனிந்து பார்ப்பார். தண்ணீர் சாய்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுப்பார். "உங்க பிரிட்ஜுக்குத் தாகம் தீர்ந்துச்சா?" என்று அம்மா கிண்டல் செய்வாள். பதினைந்து வருடமாகப் பார்த்த மகள், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா வண்டிகளுக்கு வயரிங் செய்பவர். பழைய வேனை வீடாக்கி, வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் அம்மாவோடு போய்வந்தார்; விடுமுறைகளில் மகளும் கூட. ஓடும்போது பிரிட்ஜுக்கு பேட்டரி. நின்றதும் காஸுக்கு மாற்ற வேண்டும்; அடியில் சின்னச் சுடர் எரிந்துதான் அது குளிரும். அந்த பிரிட்ஜுக்குள்தான் அம்மாவின் இன்சுலின் இருந்தது.

மகள் மின்பொறியியல் முடித்த கோடை அது. அந்தக் குடும்பத்துக்கு முதல் பட்டம். ஒரு காலையில் அப்பா பட்டறையில் இறங்கிக்கொள்ள, அவள்தான் ஓட்டினாள். மர நிழல் பார்த்துச் சரிவில் நிறுத்தி, காஸுக்கு மாற்றிவிட்டு, அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பியபோது நிழல் எப்போதோ நகர்ந்திருந்தது. சுடர் என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது; மருந்துக் குப்பி கையில் சுட்டது.

அப்பா திட்டவில்லை. "சாஞ்சு நின்னா உள்ள ஓட வேண்டியது ஓடாதும்மா. நெருப்பு மட்டும் எரிஞ்சு என்ன பண்ண?" என்றார். நான்கு வருடம் என்னதான் படித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மருந்து கிடைக்கும் கடை ஒருநாள் பயணத் தூரம். பக்கத்தில் நின்ற நீல வேன்காரம்மா விஷயம் கேட்டு, அதே மருந்தில் தன்னிடமிருந்த இரண்டு குப்பிகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள். பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்றாள். அப்பா விடவில்லை. அவள் வண்டி நின்ற பிறகும் பிரிட்ஜ் பேட்டரியை உறிஞ்சிவிடும். தினமும் தள்ளித்தான் கிளப்பினாள். என்ஜின் நின்றதும் அதைத் துண்டிக்க ஒரு ரிலே போதும், காலையில் போட்டுத் தருகிறேன் என்றார்.

விடிந்ததும் பட்டறைக்கு நடந்து ரிலேயோடு வந்தார். நீல வேன் இல்லை.

"அவசரம்னாங்கப்பா. நானும் அம்மாவுந்தான் தள்ளிவிட்டோம்."

"நல்லாத் தள்ளினீங்க போ. பேராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

இப்போது அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. மகள்தான் ஓட்டுகிறாள், தம்ளரும் அவளே வைக்கிறாள். தண்ணீர் அசையாமல் நின்றதும் அப்பா, "பக்கத்துல நீலமா ஏதாவது நிக்குதா பாரு," என்பார். அட்டை பிரிக்காத ரிலே இன்னும் அவருடைய கருவிப் பெட்டியில் இருக்கிறது.