நோயில்லாத அண்ணனைக் கூட்டிவரப் போன பயணம்

பொன்முடி மலைக்கு வழி தேடி இந்த வலைப்பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். போன மாதம் நான் திருவனந்தபுரம் போனது ஊர் சுற்ற அல்ல. வித்துரா, கல்லாறு பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூன்று வருடமாகப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் என் தோலில் கடுகளவு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து மூளை நரம்புச் செல்களை வளர்த்து, மருந்தைச் சுமந்து செல்லும் நானோ துகள்களை முதலில் அவற்றில் சோதிப்பார்கள். எது எனக்கு ஒத்துவரும் என்று எனக்கென்றே தனியாகப் பார்ப்பதுதான் இதில் விசேஷம். இது ஆராய்ச்சி, சிகிச்சை அல்ல என்று மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் தலையாட்டிவிட்டு ஆசைப்பட்டேன்.

ஒரு நிபந்தனை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, இந்த நோய் இல்லாத, கூடப்பிறந்த ஒருவரின் தோலும் வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அம்மாவின் கடைசி நாட்களில் யார் கூட இருந்து பார்ப்பது என்று வந்த சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "வா" என்றான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.50க்கு நாகர்கோவிலில் ரயில். முன்பதிவில்லாத பெட்டி, 45 ரூபாய், சுமார் எழுபது கிலோமீட்டர். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து தர யாரிடம் கேட்பது என்று யோசிப்பதற்குள் பாறசாலை வந்துவிட்டது. கேட்கவில்லை. தாகத்தோடேயே 8.25க்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து அண்ணன் இருக்கும் பழவங்காடி ஒரு கிலோமீட்டர்தான், நடக்கலாம். என் கால் ஒத்துழைக்காததால் ஆட்டோ, 30 ரூபாய். "சேச்சி ஒற்றைக்கா வந்தது?" என்று டிரைவர் கேட்டார். ஆமாம், தனியாகத்தான் என்றேன்.

அண்ணன் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறான். அண்ணி, மகளோடு பெங்களூரில். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ் போர்ஷனில் தனியாக இருக்கிறான். சாயாவுக்குப் பாலை அடுப்பில் வைத்து, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"எங்க வெட்டுவாங்க?"

"கையில. மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான். ஒரே ஒரு தையல்."

"அம்மைக்குச் செய்யாதத உனக்காவது செய்யுதேன்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோமோ, மாடிவீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். "அண்ணா, பால் கரியுது, ஒண்ணும் அறியலியா?"

அடுக்களை முழுக்கப் புகை. பாத்திரம் அடி கறுத்துவிட்டது. எனக்குத் தெரியாததில் அதிசயமில்லை. கை நடுங்கத் தொடங்குவதற்கு நாலு வருடம் முன்பே எனக்கு வாசனை போய்விட்டது. பலருக்கு இந்த நோய் அப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. அண்ணனைப் பார்த்தேன்.

"கொரோனா வந்து போனதுல இருந்து மணம் கிட்டாது. அது ஒண்ணுமில்ல, கேட்டியா" என்றான்.

இருக்கலாம். கொரோனாவில் எத்தனையோ பேருக்கு அப்படி ஆனது. தங்கச் சொல்லி அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் தம்பானூரில் லாட்ஜ், 900 ரூபாய், வெந்நீர் உண்டு. பேசுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அண்ணனிடம் படிவத்தை வைத்துக் கேள்வி கேட்டார். ஒரு அறிகுறி இருந்தாலும் சேர்க்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஏழாவது கேள்வி: "வாசனை தெரிவதில் ஏதாவது குறை?"

"ஒண்ணுமில்ல டாக்டரே. எல்லாம் கிட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் பெயர் சேர்ந்துவிடும். அரை நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பால் கருகிய கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கொரோனாவாகவே இருக்கலாம், ஆனாலும் நரம்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று அண்ணனுக்குப் பொறுமையாக விளக்கினார். இரண்டு பேர் தோலும் எடுக்கவில்லை.

"உனக்கு வேண்டித்தானே அப்படிச் சொன்னேன்" என்றான் அண்ணன், வராந்தாவில்.

"எனக்கு வேற யாரு இருக்கா?" என்றேன்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். கூடப்பிறந்தவரை அழைத்துப் போவதற்கு முன் அவர் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை கேளுங்கள். நான் என் உடம்பை மட்டுமே நினைத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாலை 4.10க்கு ரயில். அண்ணன் வழியனுப்ப வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி கிளம்பும்போது கேட்டான்: "உனக்கு மணம் போயி எத்தன வருஷம் கழிச்சு கை நடுங்கிச்சு?"

அவனுக்குக் கொரோனா வந்து இது நாலாவது வருடம்.

"பத்து வருஷம்" என்றேன்.

அண்ணன் இணையத்தில் எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.