என்னையப் பார்க்காதீங்க

மே மாதம் முடிகிற சமயத்தில் எங்கள் விளாங்குடி வீட்டு அடுப்படியில் புளித்த காடி போல மூக்கில் ஏறும் ஒரு நெடி அடிக்கும். அப்பா "படம் கழுவுகிறார்" என்று அர்த்தம். ஜன்னலில் கறுப்புக் கம்பளி, மேலே சிவப்பு பல்பு, அடுப்பு மேடை முழுக்கத் தட்டுத் தட்டாக மருந்துத் தண்ணீர். அன்றைக்குக் கடை பரோட்டாதான் என்பதால் அம்மாவைத் தவிர யாருக்கும் வருத்தமில்லை.

மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியாரான அப்பா, கோடை விடுமுறைகளைக் கொடைக்கானல் மலைச்சரிவில் ஒரு கிராமத்தில் கழித்து, அங்குள்ளவர்களின் அன்றாட வேலைகளைப் படமெடுப்பார். அவர்களோ கேமராவைக் கண்டதும் காயப்போட்ட காப்பிக்கொட்டையை அப்படியே விட்டு ஓடிப்போய், முகம் கழுவி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, பெட்டியிலிருந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு விறைப்பாக வந்து நிற்பார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "வேலையைப் பாருங்க, என்னையப் பார்க்காதீங்க" என்று விரட்டுவார். தப்பித் தவறி யாராவது பார்த்துவிட்டால் அந்தப் பிலிமை "பழுது" என்று கத்தரித்து, எங்களுக்கு சினிமா விளையாடக் கொடுத்துவிடுவார்.

ஒரு வருடம் அந்த ஊர் வெள்ளையம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பி மூட்டை சுமக்கும் அவர் கணவர் சின்னாண்டி காய்ச்சலில் இறந்து வருடம் திரும்பப் போகிறதாம்.

"தெவசத்துக்கு மாலை போட அவுக போட்டோ ஒண்ணு வேணும் வாத்தியாரய்யா. அம்புட்டுப் படம் எடுத்தீகளே."

அப்பா உற்சாகமாகப் படப் பெட்டியை இறக்கினார். சின்னாண்டி எத்தனையோ படங்களில் இருந்தார். மூட்டைக்கடியில் குனிந்து, பாறைமேல் ஏறிக்கொண்டு, ஓடையைக் கடந்துகொண்டு. எல்லாவற்றிலும் முதுகு. வெள்ளையம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அவுகதான். ஆனா முதுகுக்கா மாலை போடுவாக?" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அப்பா தரையில் உட்கார்ந்து எங்கள் விளையாட்டு டப்பாவைக் கவிழ்த்தார். "பழுது" துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாங்கள் ஆடிய ஆட்டத்தில் எல்லாம் ஒரே கீறல். கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. "என்னைய மன்னிச்சிரும்மா" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாறையில் ஏறும் படத்தையே பெரிதாக்கிக் கொடுத்தனுப்பினார். அடுத்த கோடையிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர்களை நேராக நிற்கவைத்து எடுத்த பிறகுதான் மற்ற படங்கள்.

அப்பா இப்போது இல்லை. நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வேலைப் படங்களைப் பார்க்க வந்த மாணவி ஒருத்தி, "யாருமே கேமராவைப் பார்க்கல மேடம், எம்புட்டு இயல்பா இருக்கு!" என்று வியந்தாள்.

போன மாதம் பிரதிகளோடு மலைக்குப் போனேன். ஒற்றையடிப் பாதை தார் ரோடாகியிருந்தது; சுமைகாரர்களும் மூட்டை சுமந்த குதிரைகளும் இல்லை. வெள்ளையம்மாவும் காலமாகிவிட்டார். அன்றைய கைக்குழந்தை, நரைத்த தலையோடு என்னை வீட்டுக்குள் அழைத்துப் போனார். சுவரில் சட்டம் போட்டு அந்த முதுகு. புது மாலை. பிடரியில் குங்குமப் பொட்டு.

"அம்மா இருந்த வரைக்கும் எங்கய்யா முகம் எப்படியிருக்கும்னு சொல்லிக்கிட்டே இருக்கும்க்கா. இப்ப அய்யா முகம் தெரிஞ்ச ஆளு ஒருத்தருமில்ல."