மீன் தொட்டிக்குள் பூந்தி

இலங்கை மலைநாட்டில் பண்டாரவளை வரைக்கும்தான் ரயில் வந்திருந்த காலம். புதுப்பெண்ணாகத் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி, ரயிலேறி, கடைசியில் மாட்டு வண்டியில் பதுளைக்கு வந்து சேர்ந்தேன். என் கணவருக்குக் கடைவீதியில் மிட்டாய்க் கடை. கடைக்குப் பின்னாலேயே எங்கள் குடித்தனம். விற்பது இனிப்புதான், ஆனால் மனுஷர் வாயிலிருந்து ஒரு வார்த்தை உதிராது. மழையும் குளிரும் போதாதென்று வீட்டுக்குள் இந்த மௌனம் வேறு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "என்னை ஊருக்கே அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் கடையைப் பூட்டிவிட்டு வெளியே போனார். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போன கண்ணாடித் தொட்டியை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தார். ஊரோரம் ஓடும் ஓயா ஆற்றில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டு, ஜன்னலோரம் வைத்தார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்." எனக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது. ஊர்க்கதை முழுவதையும் மீன்களிடம் சொல்லித் தீர்த்தேன்.

கொஞ்ச நாளில் தண்ணீரின் மேல் நுரை கட்ட ஆரம்பித்தது. இன்றைக்கு அள்ளினால் நாளைக்கு மறுபடியும் வந்து நிற்கும்.

ஒருநாள் காலையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வருகிறேன், அவர் அரிகரண்டியோடு தொட்டிமேல் குனிந்து நிற்கிறார். கையில் பால் சொம்பு. சீனிப்பாகு கொதிக்கும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையாக மேலே வரும், அள்ளி எறிந்துவிடலாம். அந்த வைத்தியத்தை மீனுக்கும் பார்த்திருக்கிறார் என் வீட்டு மகராசன்!

"இன்னுங் கொஞ்சம் ஊத்துனா சுத்தமாயிரும்," என்றார்.

"ஐயோ, இது என்ன பாகாங்க? அதுங்க மூச்சுக்குத் தவிக்கிறது தெரியலையா?"

தண்ணீர் வெள்ளைவெளேரென்று ஆகியிருந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நுரையை அள்ளி மோந்து பார்த்தேன். பால் வாசனையோடு நெய் வாசனையும் அடித்தது. கையை விட்டு அடியில் துழாவினால், ஊறிப் புளித்த பூந்தி!

கேள்வி கேட்க அப்போது நேரமில்லை. பூந்தியில் நெய் வடிய விரிக்கும் காகிதத்தைத் தண்ணீர்மேல் பரப்பி மெதுவாகத் தூக்கினேன். நுரையும் நெய்ப்படலமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அடிக்கசடை வழித்தெடுத்தேன். பாதித் தண்ணீரை மொண்டு கொட்டினேன். அவர் குடம் குடமாகக் கிணற்றுநீர் கொண்டுவர, நான் உயரத்திலிருந்து மெல்லிசாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மீன்கள் கீழே இறங்கி நீந்தின. ஒன்று மட்டும் பிழைக்கவில்லை.

"பூந்தியை யாருங்க போட்டது?" என்றேன்.

காலிக் குடத்தைக் கீழே வைத்தார். "நாந்தான். நீ அதுங்களோடதானே பேசுற. வயிறு காஞ்சு செத்துக்கித்துப் போச்சுன்னா நீ ஊருக்குக் கெளம்பிருவியேன்னு..."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அந்தப் பூந்தியில ஒரு கை எனக்குக் குடுக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

அன்றைக்கு முதன்முதலாக ஒரு வாழை இலையில் பூந்தியை வைத்து என் முன்னால் நீட்டினார். சொல்ல வேண்டியதைத்தான் அப்போதும் சொல்லவில்லை.

இன்றும் அவர் அப்படியேதான். மேலே ஏதாவது நுரைத்துக்கொண்டு நின்றால், கோபப்படுவதற்கு முன் அடியில் எனக்காக என்ன போட்டு வைத்திருக்கிறாரோ என்று ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொள்கிறேன்.