ஒரே பகலில் பச்சையான சோளம்

என் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அந்த வருஷம் நாமக்கல் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. தீவனம் இல்லை, செவலை மாட்டை விற்றுவிடலாம் என்றார் பெரியப்பா. சித்தப்பா கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, மண்ணே இல்லாமல் ஏழு நாளில் மக்காச்சோளத்தை முளைக்க வைத்துப் பசுந்தீவனம் தருவதாகச் சவால் விட்டார். ஏழாம் நாள் சாயங்காலம் வியாபாரி வருவதாகப் பேச்சு. தீவனம் தேறினால் செவலை தங்கும், இல்லாவிட்டால் வண்டி ஏறும். எனக்கு அப்போது ஒன்பது வயது. தினமும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் அழுததில் அதற்கே அலுத்துப் போயிருக்கும்.

கோழி இல்லாமல் காலியாகக் கிடந்த கொட்டகையில், ஊறவைத்த சோளத்தை பிளாஸ்டிக் தட்டுகளில் பரப்பினார் சித்தப்பா. எலியும் குருவியும் புகுந்துவிடக் கூடாதென்று சுற்றிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். உள்ளே கும்மிருட்டு. தண்ணீர் தெளிக்க அவர் மட்டுமே போகலாம் என்று சட்டம். நான் மூன்றாம் நாளே ஒரு தட்டைத் திருடிவிட்டேன். எனக்கென்று ஒரு தோட்டம் வேண்டும் என்ற ஆசைதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒளித்துவைத்து நீர் தெளித்து வந்தேன்.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தார்ப்பாயை விலக்கினால், பயிர் ஒரு சாண் உயரம் நிற்கிறது, ஆனால் அத்தனையும் வெளிறிய மஞ்சள்!

“இதென்னடா, மஞ்சக்காமாலை வந்தாப்பல நிக்குது? பச்சையில்லாதத எந்த மாடு திங்கும்?” என்றார் பெரியப்பா.

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. உதை விழுந்தாலும் விழட்டும் என்று நான் மாடிக்கு ஓடி என் திருட்டுத் தட்டைத் தூக்கி வந்தேன்.

“சித்தப்பா, என்னுது பச்சையா இருக்குதுங்க!”

ஏது உனக்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “வெளிச்சம், அம்மிணி, வெளிச்சம்!” என்று கத்தினார். அவ்வளவுதான், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு, வெயில் சுடாமல் வெளிச்சம் விழும் வேப்பமரத்தடிக்கு ஓட்டம். நான் இரண்டு முறை தடுக்கி விழுந்து மூன்றாம் முறையும் ஓடினேன்.

பத்து மணிக்கு எந்த மாற்றமும் இல்லை. மதியம் நுனிகளில் லேசாகப் பச்சை தட்டியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பாம்பு என்று எண்ணிக் கம்போடு வந்துவிட்டார்கள். நுனியில் தொடங்கிய பச்சை கீழே கீழே இறங்கியது. அடி மட்டும் வெள்ளையாகவே நின்றது. வியாபாரி வண்டியோடு வந்தபோது மரத்தடியே பச்சைப் பாயாக இருந்தது. பெரியப்பா ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வியாபாரிக்குக் காப்பி கொடுத்து வெறும் வண்டியை அனுப்பிவைத்தார். நான் குதித்த குதியில் என் கொலுசு அறுந்தது.

இன்று வேளாண் கல்லூரியில் படிக்கிறேன். சோள இலை அடியிலிருந்து வளர்கிறது, நுனிதான் மூத்தது, அதனால்தான் பச்சை அங்கே முந்தியது என்பதை நுண்ணோக்கியில் பார்த்தேன். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் இருட்டிலேயே பாதி தயாராகி வெளிச்சத்துக்குக் காத்திருந்திருக்கின்றன. தட்டில் இருந்தது விதைக்குள் இருந்த சத்துதான் என்றும், மஞ்சளோ பச்சையோ மாட்டுக்கு அதில் பெரிய வித்தியாசமில்லை என்றும் பேராசிரியர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால், ஒரு விஷயத்தை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கடைசித் தட்டை எடுக்கக் கொட்டகைக்குப் போனபோது அது வெறும் வேராகக் கிடந்தது. பக்கத்தில் கட்டியிருந்த செவலையின் வாயோரம் மஞ்சளாக ஒரு சோளத்தாள் தொங்கியது. இதுவும் என்னைப் போலத் திருடிவிட்டதே, பெரியப்பா பார்த்தால் இதற்காகவே விற்றுவிடுவார் என்று பயந்து, சாட்சி கிடைக்காதபடி அதன் வாயைப் பாவாடையால் துடைத்துவிட்டேன்.