டிவி கேட்கும், நாங்கள் பதில் சொல்ல வேண்டும்

அன்று டிவி முன்னால் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். மூன்று வயதை நெருங்கிய எங்கள் மகள். திரைக்குள் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண். வேறு யாரும் இல்லை.

மகளுக்குப் பேச்சு வரவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்கள். காதில் கோளாறு இல்லை. டாக்டரம்மா சொன்னார்:

"டிவி முன்னாடி தனியா உட்கார வெச்சிட்டுப் போகாதீங்க. சின்னப் பிள்ளைங்களும் அப்பா அம்மாவும் சேர்ந்து பார்க்கிற நிகழ்ச்சி வருது. கூட உட்காருங்க. அது கேள்வி கேட்கும், நீங்க வாயைத் திறந்து பதில் சொல்லுங்க. உங்களப் பார்த்துதான் அவ பேசணும். மூணு மாசம் கழிச்சு வாங்க, எத்தனை வார்த்தை வந்திருக்குன்னு பார்ப்போம்."

சரி என்று வந்துவிட்டோம்.

நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தைக்கிறேன். அவர் தோல் பதனிடும் இடத்தில் தோலைப் போட்டுச் சுழற்றும் ட்ரம் ஓட்டுகிறார். இரண்டு இடத்திலும் மிஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. எங்கள் லைனில் நூல் தீர்ந்தால் கையைத் தூக்க வேண்டும், சூப்பர்வைசர் வருவார். வாயைத் திறந்தால் திட்டு. வீட்டிலும் எங்களுக்குக் கைதான். கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டினால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்தால் சோறு தீர்ந்தது. அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

மஞ்சள் சட்டைப் பெண் கேட்டாள். "மாடு எப்படிக் கத்தும்? அம்மா அப்பாவோட சேர்ந்து சத்தமா சொல்லுங்க!" காதருகில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மகள் எழுந்து நின்றாள். வலது கையை நேராகத் தூக்கினாள்.

அவர் சிரித்துவிட்டார். "பார்றீ, நூலு தீர்ந்துபோச்சாம். நாளைக்கே உன் லைன்ல உட்கார வெச்சிடலாம்."

"சிரிக்காதய்யா. நீ கத்திக் காட்டு."

"இன்னாத்த கத்தறது?"

"மாடு மாதிரி. தெனம் அதுங்க தோலோடதானே கீற? கத்தத் தெரியாதா?"

"எங்கிட்ட வர்றப்போ அதுங்க கத்தாதுடி."

"சூப்பர்! ரொம்பச் சரியா சொன்னீங்க!" என்று திரைக்குள் அவள் கை தட்டினாள்.

யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது ஆடு. நான் "மே" என்றேன். மகள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் வாயைப் பொத்தினாள். நைட் ஷிப்ட் முடித்து அவர் பகலில் தூங்கும்போது நான் அவளுக்குச் செய்வது அது.

கொஞ்ச நாள் அப்படி உட்கார்ந்தோம். பிறகு கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. ஓவர்டைம். மாட்டேன் என்றால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அவருக்கு நைட் ஷிப்ட் என்பதால் சாயங்காலமும் மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டேன். அந்த அக்காவும் அதே நிகழ்ச்சியைத்தான் போட்டுவிட்டுச் சமைக்கப் போனார். அக்காமேல் தப்பில்லை. அம்மா அப்பாவோடு சேர்ந்து சொல்லுங்கள் என்று அந்தப் பெண் தினமும் சொல்லியிருப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டில் இருப்பவர்கள் எடுத்த நிகழ்ச்சி அது.

மூன்று மாதம் முடிந்து வேலூருக்குப் போனோம். ஒரு நாள் கூலி இரண்டு பேருக்கும் போயிற்று.

"தானா என்னென்ன வார்த்தை சொல்றா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் வீட்டுக்காரர் விரலை மடக்கினார். "வேணா. போ. பாலு." என்னைப் பார்த்தார்.

"டாட்டா" என்றேன்.

"அம்மா சொல்றாளா?"

"இல்லீங்க."

"அப்பா?"

அவர் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

"அப்போ மொத்தம்?"

நாலு.